கல்லாப்பெட்டியும் கவிஞரும்

வணக்கம் நேயர்களே.

கொழும்பு நூதனசாலைக்குப் போனவர்கள், வாசலில் நிற்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சேர் வில்லியம் கிரெகரி. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதி, அந்த நூதனசாலையைக் கட்டுவித்தவர். அயர்லாந்துக்காரர். கோல்வே பகுதியில் கூல் பார்க் என்ற பரம்பரை மாளிகை அவருக்கு இருந்தது. அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி லேடி கிரெகரியின் விருந்தாளியாக அங்கே கோடை தவறாமல் வந்து தங்கி எழுதியவர்தான் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ்.

யேட்ஸ் பிரபு வம்சம் இல்லை. அப்பா கையில் காசு தங்காத ஓவியர். தாய்வழித் தாத்தா ஸ்லைகோ ஊரில் கப்பலும் ஆலையும் வைத்திருந்தவர். கூல் பார்க்கின் புத்தகங்கள், ஏரி, அன்னங்கள், அவசரம் தெரியாத அந்த வாழ்க்கை எல்லாம் அவரை மயக்கிவிட்டன. அந்த ஜன்னல் வழியே அவர் பார்த்த தேசத்தில் இரண்டே பேர்தான். பண்பாட்டைக் காக்கும் பிரபு, பழங்கதையைக் காக்கும் ஏழைக் குடியானவன். நடுவில் இருக்கும் கடைக்காரனை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அந்தப் பிரபுவுக்கும் குடியானவனுக்கும் நிஜத்தில் என்ன உறவு? 1847, உருளைக்கிழங்குப் பஞ்சம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தால்தான் நிவாரணம் என்று ஒரு சட்டப்பிரிவு வந்தது. பசிக்காகக் காணியை இழந்தவர்கள் ஏராளம். ‘கிரெகரி பிரிவு’ என்றே அதற்குப் பெயர். நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் நம் சிலைக்காரர்தான். கூல் பார்க்கைப் பாடிய யேட்ஸின் புகழ்பெற்ற கவிதைகளில் இந்தக் கதை இல்லை.

1913இல் டப்ளினில் ஓர் ஓவியக்கூடம் கட்டும் விஷயத்தில் மாநகரசபை செலவுக்குத் தயங்கியது. ஓவியங்களைத் தர முன்வந்தவர் லேடி கிரெகரியின் சகோதரி மகன் ஹியூ லேன். யேட்ஸுக்குக் கோபம். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கல்லாப்பெட்டியைத் துழாவி, பென்னியோடு அரைப்பென்னி சேர்க்கும் கூட்டம் என்று கவிதையில் திட்டினார். வீரம் மிகுந்த அயர்லாந்து செத்துப் புதைந்துவிட்டதாம். அடுத்த வருடம் வெளிவந்த இன்னொரு கவிதையில், தன் உடம்பில் எந்தச் சில்லறை வியாபாரியின் ரத்தமும் ஓடவில்லை என்று பெருமையடித்தார். அதே கவிதையில் டப்ளின் வணிகர் ஒருவரை முன்னோராக வணங்கவும் செய்கிறார். மொத்த வியாபாரம் என்றால் பரவாயில்லை போலும்!

சரி, 1916 வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி. குடியரசுப் பிரகடனத்தில் முதல் கையெழுத்து டாம் கிளார்க்குடையது. அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? டப்ளினில் சின்னப் புகையிலைக் கடை. பேப்பரும் விற்பார். நம்மவர்கள் சிங்கள ஊர்களில் வைத்திருந்த சுருட்டுக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மே 3ஆம் தேதி பிரிட்டிஷார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

யேட்ஸ் ஆடிப்போனார். ‘ஈஸ்டர் 1916’ கவிதையில், இந்த மனிதர்களைக் கிளப்பில் உட்கார்ந்து கேலி பேசியவன்தான் நான் என்று ஒத்துக்கொள்கிறார். அதற்கு நேர்மை வேண்டும். முடிவில் பியர்ஸ், கானலி, மக்டோனா, மக்பிரைட் என்று எழுச்சிக்காரர்கள் நான்கு பேரைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். கடைக்காரர் கிளார்க்கின் பெயர் அதில் கிடையாது.

அப்புறமும் மனிதர் பெரிதாக மாறவில்லை. சுதந்திர நாட்டின் செனட்டராக, 1925இல் விவாகரத்து விவாதத்தில், தன் புரொட்டஸ்டண்ட் சமூகத்தைப் பற்றி “நாங்கள் அற்பக் கூட்டமல்ல” என்று முழங்கினார்.

அடுத்த வருடம் அரசாங்கம் புதிய நாணயங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்து அவரையே தலைவராக்கியது. 1928இல் காசுகள் வெளிவந்தன. பென்னியில் கோழியும் குஞ்சுகளும், அரைப்பென்னியில் தாய்ப்பன்றியும் குட்டிகளும். அழகான காசுகள்! அயர்லாந்தின் கடைக்காரர்கள் அவற்றை எண்ணிக் கல்லாப்பெட்டியில் போட்டுக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.