விழுக்காடு ஏறாத அரை மணி நேரம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர், கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட், சுரங்கங்களில் பாறை சுமக்கும் டம்பர் என, உழைப்பதற்கென்றே உருவான வாகனங்கள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் பேட்டரியை மின்னேற்றுவது ஒரு வேலை, குளிர்ந்து கிடக்கும் பேட்டரியைச் சூடேற்றுவது வேறொரு வேலை என்று பிரித்துப் பேசுவதே இன்றும் வழக்கமாக இருக்கிறது. அந்தப் பிரிவினையே பல பேட்டரிகளின் ஆயுளைக் குறைக்கிறது என்பது, இத்துறையில் பணியாற்றியதன் வழியாக நான் அடைந்த முடிவு. எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வேண்டும், எவ்வளவு பேட்டரிக்குள் சேர வேண்டும் என்பதை ஒவ்வொரு நொடியும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். வெளியே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 12 டிகிரி. இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்ற ஒரு மின் எக்ஸ்கவேட்டரில் இயக்குநர் மின்னேற்றக் கேபிளைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 34 விழுக்காடு. இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தார், அதே 34. கேபிளைக் கழற்றினார், இணைப்பு முனையைத் துணியால் துடைத்தார், மறுபடியும் செருகினார். இப்படி நான்கு முறை நடந்தது. பிறகு மேற்பார்வையாளரை அழைத்து, "சார்ஜர் பழுதாகிவிட்டது ஐயா, வேறு கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். எதுவும் பழுதாகவில்லை. இயந்திரம் செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருந்தது. வந்த மின்சாரம் முழுவதையும் அது ஹீட்டருக்கு அனுப்பி பேட்டரியைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அவர் கேபிளைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் ஹீட்டர் நின்றது, பாதுகாப்புச் சோதனைகள் முதலிலிருந்து தொடங்கின, சேர்ந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளியேறியது. இவற்றில் எதையும் திரை அவருக்குச் சொல்லவில்லை. அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அந்த இயந்திரம் ஏன் மின்சாரத்தைப் பேட்டரிக்குள் விட மறுத்தது? அதன் பேட்டரி, பல லித்தியம் அயன் மின்கலங்களை இணைத்த தொகுப்பு. அத்தகைய மின்கலத்தை மின்னேற்றும்போது, லித்தியம் அயனிகள் மின்பகுளி என்ற திரவத்தின் வழியாகப் பயணம் செய்து, எதிர்முனையில், அதாவது நெகட்டிவ் முனையில், உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து அமர்கின்றன. வெப்பநிலை குறையக் குறைய இந்த நுழைவு மிகவும் மெதுவாகிறது. உள்ளே போக இடம் கிடைக்காமல் வாசலில் கூட்டம் சேர்வதைப்போல, அயனிகள் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே தேங்குகின்றன. நிறைந்த நிலையில் உள்ள கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்தியம் உலோகத்தின் மின்னழுத்தத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே மேலே இருக்கிறது. குளிரில் மின்னோட்டத்தைத் திணித்தால் அந்தச் சிறிய இடைவெளியும் இல்லாமல் போய், அயனிகள் உள்ளே நுழைவதற்குப் பதிலாக மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பின்னர் கரைந்து மீண்டும் பயன்படும். மற்றொரு பகுதி மின்பகுளியோடு வினைபுரிந்தோ, மின்தொடர்பு அற்றுத் தனித்துப்போயோ நிரந்தரமாக வீணாகிறது. படிவு ஊசிபோல வளர்ந்து, இரு முனைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய பிரிப்புச் சவ்வைத் துளைத்தால் மின்கலத்துக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். இந்தச் சேதம் நடக்கும் அன்று ஓசையோ வாசனையோ எச்சரிக்கை விளக்கோ எதுவும் இருக்காது என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி. பல மாதங்கள் கழித்து, முன்பு ஒரு முழு ஷிப்ட் தாங்கிய பேட்டரி நண்பகலிலேயே ஓய்ந்துபோகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

அதனால்தான் கிராஃபைட் எதிர்முனை கொண்ட பெரும்பாலான மின்கலங்களுக்கு, மின்னேற்றம் சுழியம் டிகிரிக்கு மேல் மட்டுமே என்று தயாரிப்பாளர்கள் எல்லை வகுக்கிறார்கள். ஆனால் அதே மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுப்பதற்கு மைனஸ் 20 டிகிரி வரைகூட அனுமதி இருப்பது வழக்கம். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி ஓடுகிறதே, அப்படியானால் மின்னேற்றவும் முடியும்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். லித்தியம் டைட்டனேட் என்ற வகை இதற்கு விலக்கு. அதன் எதிர்முனை லித்தியம் உலோகத்தைவிட ஏறத்தாழ 1.55 வோல்ட் மேலே இருப்பதால், கடுங்குளிரிலும் உலோகப் படிவுக்கு இடம் தருவதில்லை. ஆனால் அதே எடையில் அது சேமிக்கும் ஆற்றல் குறைவு என்பதால், எல்லா வாகனங்களுக்கும் அது பொருந்துவதில்லை.

இங்கே வேலை வாகனங்களுக்கே உரிய ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேபிள் வழியாக வருவது மட்டுமே மின்னேற்றம் ஆகாது. பிரேக் பிடிக்கும்போதும், சுமையோடு சரிவில் இறங்கும்போதும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. குளிர்ந்த பேட்டரிக்கு அதுவும் மின்னேற்றம்தான், அதுவும் அதே சேதத்தைச் செய்யும். ஆகவே பேட்டரி மேலாண்மை அமைப்பு, குளிரில் இந்த மீள்மின்சாரத்தைக் கட்டுப்படுத்தவோ முற்றிலும் நிறுத்தவோ செய்கிறது. அப்போது மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி வழக்கம்போல வேகம் குறையாது. இதை முன்கூட்டியே அறிந்திராத இயக்குநருக்கு அது ஆபத்தான வியப்பாக அமையும்.

சூடேற்றுவதற்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். மின்கலங்களின் எடை மட்டும் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மின்கலத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வேண்டும். மைனஸ் 15 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர, 25 டிகிரி உயர்வுக்கு, 10,000 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 2.8 யூனிட் மின்சாரம் செலவாகும். 5 கிலோவாட் ஹீட்டர் ஒன்று எந்த இழப்பும் இல்லாமல் வேலை செய்தாலும் இதற்கு ஏறத்தாழ 33 நிமிடம் பிடிக்கும். பெட்டியும் குளிர்விப்பு நீரும் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் நீளும். அந்த இயக்குநர் பார்த்த, விழுக்காடு ஏறாத அரை மணி நேரம் இதுதான்.

இனி, கட்டுப்பாட்டின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். வெப்பத்துக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்காமல், செருகியிருக்கும் கேபிளிலிருந்தே எடுப்பதுதான் முறை. ஹீட்டரும் பேட்டரியும் ஒரே உயர் மின்னழுத்தத் தடத்தில் இணைந்திருக்கின்றன. மின்னேற்றி அந்தத் தடத்துக்கு மின்சாரம் தருகிறது. தடத்தின் மின்னழுத்தம் 350 வோல்ட் என்றால், 5 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 14 ஆம்பியர் வேண்டும். மின்னேற்றி சரியாக அந்த 14 ஆம்பியரை மட்டும் தந்தால், பேட்டரிக்குள் போவதும் இல்லை, அதிலிருந்து வருவதும் இல்லை. பேட்டரியின் வாசலில் உள்ள மின்னோட்ட உணரி சுழியத்தைக் காட்டும். இதற்கேற்ற வசதி நேர்மின்னோட்ட வேக மின்னேற்ற முறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்று வாகனம்தான் கேட்கிறது, வெளியே நிற்கும் மின்னேற்றி அதற்குப் பணிகிறது.

எழுதிப் பார்த்தால் எளிதாகத் தோன்றும் இந்தச் சமநிலை, ஹீட்டர் நிற்கும் கணத்தில்தான் குலைகிறது. வெப்பநிலை எல்லையைத் தொட்டதும் ஹீட்டர் சட்டென்று நின்றுவிட்டால், மின்னேற்றி அந்தச் செய்தியைப் பெற்றுத் தன் அளவைக் குறைப்பதற்குள் அந்த 14 ஆம்பியரும் இன்னும் முழுமையாகச் சூடேறாத பேட்டரிக்குள் பாய்ந்துவிடும். ஒரு முறை நடந்தால் பெரிய கேடு இல்லை. ஹீட்டர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நின்று நின்று எரியும் அமைப்பில், குளிர்காலம் முழுவதும் அது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே வரிசை முக்கியம். தொடங்கும்போது முதலில் ஹீட்டர் எரிய வேண்டும், அதன் பின்னே மின்னேற்றியின் அளவு ஏற வேண்டும். நிறுத்தும்போது முதலில் மின்னேற்றி இறங்க வேண்டும், அதன் பின்னரே ஹீட்டர் அணைய வேண்டும். இடைப்பட்ட ஓரிரு நொடிக்குத் தேவையான மின்சாரத்தைப் பேட்டரி கொடுத்துவிடும், கொடுப்பதால் அதற்குக் கேடு இல்லை. இதே காரணத்தால், துல்லியமான சுழியத்தை இலக்காக வைக்காமல், பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் வெளியேறும்படி இலக்கை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. மின்னோட்ட உணரிகளுக்கும் சிறு பிழை உண்டு. அந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பேட்டரி பாதுகாப்பான பக்கத்தில் நிற்க வேண்டும்.

வேலையிடங்களில் எப்போதும் பெரிய மின்னிணைப்பு கிடைப்பதில்லை. 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றிலிருந்து அதிகபட்சம் 3.7 கிலோவாட்தான் எடுக்க முடியும். அங்கே 5 கிலோவாட் ஹீட்டரை முழு அளவில் எரித்தால், மீதியைப் பேட்டரி ஈடுகட்டும். கேபிள் செருகியிருக்கும்போதே விழுக்காடு இறங்கும் விநோதத்தை அப்போது பார்க்கலாம். ஹீட்டரை இணைப்பின் வலிமைக்கு ஏற்பக் குறைத்து எரிப்பதே சரி. பேட்டரியின் வெப்பநிலை சுழியத்தைத் தாண்டியதும் சிறிய மின்னோட்டத்தை உள்ளே விடத் தொடங்கலாம். தயாரிப்பாளர் தரும் அட்டவணை, வெப்பநிலை ஏற ஏற அனுமதிக்கும் மின்னோட்டத்தையும் படிப்படியாக உயர்த்துகிறது. அந்த மின்னோட்டமே மின்கலத்தின் உள்தடையில் வெப்பத்தை உண்டாக்குவதால், ஹீட்டரின் பங்கு மெல்லக் குறைந்துகொண்டே வரலாம். இந்தக் கைமாற்றம் நன்றாக அமைந்த வாகனத்தில், மொத்த நேரம் கண்கூடாகக் குறையும்.

எந்த வெப்பநிலையை நம்புவது என்பதும் பொறுப்போடு விடை காண வேண்டிய கேள்வி. பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் உள்ள மின்கலமும் நடுவில் உள்ள மின்கலமும் ஒன்றுபோல் சூடாவதில்லை. சூடேற்றும் தகட்டை ஒட்டியிருப்பது 15 டிகிரியில் இருக்க, மூலையில் இருப்பது இன்னும் சுழியத்துக்குக் கீழேயே கிடக்கலாம். சராசரியைப் பார்த்து மின்னேற்றினால், அந்த மூலை மின்கலம்தான் முதலில் பலியாகும். தொடர் இணைப்பில் ஒரு மின்கலம் நலிந்தால் முழு பேட்டரியும் நலிந்ததற்குச் சமம். ஆதலால் மின்னேற்றத்தை மிகக் குளிர்ந்த மின்கலமும், ஹீட்டரை மிகச் சூடான மின்கலமும் ஆள வேண்டும்.

எக்ஸ்கவேட்டர் போன்றவற்றில் இன்னொரு குளிர்ந்த பொருளும் காத்திருக்கிறது. அது ஹைட்ராலிக் எண்ணெய். 40 டிகிரியில் எளிதாக ஓடும் எண்ணெய், சுழியம் டிகிரியில் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடுவது சாதாரணம். கேபிள் செருகியிருக்கும்போதே பம்பை ஓட்டி, எண்ணெயை அழுத்தத் தடுப்பு வால்வு வழியாகச் சுழலவிட்டுச் சூடாக்கலாம். அப்போது இயக்க நெம்புகோல்கள் பூட்டப்பட்டிருக்க வேண்டும், கரம் அசையும் வட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. குழாய்களும் உருளைகளும் காற்றில் வெப்பத்தை விரைவில் இழப்பதால், எண்ணெயை வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு சூடாக்கினால் போதும். பேட்டரிக்கே முதலிடம்.

இயக்குநர்களுக்கும் தள மேலாளர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குளிர்காலத்தில், வேலை முடிந்த உடனே கேபிளைச் செருகுங்கள். பகல் முழுவதும் உழைத்த பேட்டரிக்குள் வெப்பம் இருக்கிறது. அந்த வெப்பத்தில் மின்னேற்றினால் ஹீட்டருக்கு வேலையே இருக்காது. விடியற்காலை வரை விட்டுவைத்தால், இலவசமாகக் கிடைத்த வெப்பத்தை இரவுக்குக் கொடுத்துவிட்டு, அதையே மறுநாள் விலைகொடுத்து வாங்குகிறோம். பெரும்பகுதியை மாலையில் ஏற்றிவிட்டு, கடைசிச் சிறு பகுதியை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் முடியும்படி அமைத்தால், காலையில் பேட்டரி சூடாகவும் நிறைந்தும் இருக்கும். கோடையில் இதுவே தலைகீழாகும். 40 டிகிரியைத் தாண்டிய பேட்டரியோடு வந்து நிற்கும் வண்டியில், குளிர்விப்பு நீரை முதலில் ஓடவிட்டு, சற்று ஆறிய பின்னரே வேகமாக மின்னேற்ற வேண்டும். ஏனெனில் மின்னேற்றத்துக்கு 45 டிகிரி அளவில் மேல் எல்லை வைப்பது பரவலான வழக்கம்.

ஈய அமில பேட்டரியோடு ஓடும் ஃபோர்க்லிஃப்ட்கள் இன்னும் ஏராளம். அவற்றில் உலோகப் படிவு என்ற கவலை இல்லை. ஆனாலும் மின்னேற்றும் மின்னழுத்தத்தை வெப்பநிலைக்கேற்ப மாற்ற வேண்டும். ஒரு டிகிரிக்கு, ஒரு மின்கலத்துக்கு, 3 முதல் 5 மில்லிவோல்ட். குளிரில் உயர்த்தாவிட்டால் பேட்டரி நிறையாமல் சல்பேட் படியும், வெயிலில் தாழ்த்தாவிட்டால் நீர் வற்றும். முழுதும் இறங்கிய ஈய அமில பேட்டரியைக் குளிரில் விட்டுவைத்தால், அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் அது உறைந்து, பேட்டரியின் பெட்டியே விரிசல் விடக்கூடும்.

முதலில் சொன்ன எக்ஸ்கவேட்டருக்குத் திரும்புகிறேன். அதன் கட்டுப்பாட்டில் நாங்கள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. திரையில், 34 விழுக்காடு என்ற எண்ணுக்குக் கீழே, "பேட்டரி சூடாகிறது. மின்னேற்றம் 35 நிமிடத்தில் தொடங்கும். கேபிளைக் கழற்ற வேண்டாம்" என்று ஒரு வரியும், அதனருகே ஏறிக்கொண்டே இருக்கும் வெப்பநிலை எண்ணும் சேர்த்தோம். அடுத்த குளிர்ந்த காலையில் அதே இயக்குநர் கேபிளைச் செருகினார், அந்த வரியைப் படித்தார், வெப்பநிலை எண் ஒன்று கூடும்வரை நின்று பார்த்தார். பிறகு கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கரத்தின் மூட்டுகளுக்கு கிரீஸ் அடிக்கப் போய்விட்டார்.

வணக்கம்.