வீட்டுக்குப் போடா என்றவன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும், ஆடித் திருவிழா பார்க்க வந்து இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட சேலத்து மக்களுக்கும் வணக்கம்.

"புதிதாகத் தகப்பனானவனுக்கு நண்பர்கள் துணையா, தொல்லையா?" துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன். வாதத்துக்காக எடுத்த கட்சி இல்லை. என் மகளுக்கு இப்போது ஆறு மாதம்.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு காட்சியைச் சொன்னார். பெற்றவள் கைக்குழந்தையோடு தனியாக விழித்திருக்கிறாள். பெற்றவன் தட்டுவடை செட் கடையில் கூட்டாளிகளோடு அரட்டை அடிக்கிறான். அண்ணே, அது பொய்யில்லை. அந்தக் கடை வாசலில் நானே நின்றிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் மலைக்குப் போய்விட்டு வருவோம்.

தலைப்பிரசவம் முடிந்து என் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர். நான் கீழே, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள், ராத்திரி 11 மணிக்குப் போன். உடம்பு அனலாகக் கொதிக்குது என்றாள். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒன்றரை வயதில் மகன் இருக்கிறான்.

"மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல்னா விடியற வரைக்கும் வச்சிருக்கக் கூடாதுடா. கிளம்பு!"

அக்கா வீட்டுக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம், அத்தனையும் இறங்கினோம். ஏறும்போது பறந்தவன், இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான், பின்சீட்டில் பிள்ளையின் தலை ஆடக் கூடாதென்று. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

எனக்கு அதை வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? பெண்ணுக்கு அம்மா இருக்கிறாள், அத்தை இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறாள். ஆணுக்கு யார்? நான் நடக்க ஆரம்பித்த பிறகுதான் என் அப்பா என்னைத் தூக்கினார் என்று அம்மா சொல்லும். அவரிடம் நான் என்ன கேட்க முடியும்?

"வீட்டில் இருந்து கற்றுக்கொள்ளட்டுமே" என்றார் எதிரணி அக்கா. இருக்க விட்டால்தானே அக்கா! 2017-இல் சட்டத்தைத் திருத்தித் தாய்க்கு 26 வாரம் விடுப்பு என்று ஆக்கினார்கள். அவளுக்கு அது வேண்டும், இன்னும்கூட வேண்டும். மத்திய அரசு வேலையில் இருக்கும் தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியாரிடம் வேலை பார்க்கும் தகப்பனுக்கு இத்தனை நாள் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பட்டறையில் செய்த வேலைக்குத்தான் கூலி. அந்த ஐந்து நாளும் என் பங்குக் கொலுசைப் பற்றவைத்தவன், என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். தன் வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து செய்தான். கூலியை என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டான். இவனையா தொல்லை என்கிறீர்கள்?

இப்போது அந்தக் கடை வாசல்.

மூன்றாம் மாதம் மனைவி சேலத்துக்கு வந்துவிட்டாள். பட்டறை விட்டதும் பழைய பழக்கத்தில் கால் கடைக்குப் போனது. கையில் செட், பேச்சு ஓடுகிறது, மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மலைக்கு வண்டி ஓட்டினானே, அவன்தான் கேட்டான்.

"தங்கச்சி சாப்டுச்சாடா?"

தெரியாது என்றேன்.

"பால் குடுக்க உன்னால ஆகாது, சரி. தோள்ல போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுக்க வைக்கலாமில்ல? ஒரு கையில புள்ளைய வச்சுக்கிட்டே எத்தனை நாளுக்கு அது சாப்பிடும்? வீட்டுக்குப் போடா."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு செட்டைப் பார்சல் கட்டி, காரம் கம்மியாகப் போடச் சொல்லி, என் கையில் கொடுத்து அனுப்பினான். அன்று பிள்ளை என் தோளில் தூங்கிப்போனாள். எதிரே உட்கார்ந்து என் மனைவி நிதானமாகச் சாப்பிட்டாள். "ரெண்டு கையும் சும்மா இருந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை ஐயா. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கடைவாசலில் நின்றவனுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் எங்கள் கூட்டம் என் வீட்டுத் திண்ணைக்கு மாறிவிட்டது. வந்ததும் கைகால் கழுவுவார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் துணி காயப்போடும் நேரம் பிள்ளை யாராவது ஒருவன் மடியில் இருப்பாள். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று கேலி பேசிய ஒருவனும் எங்களோடு இருந்தான். திண்ணைக்கு அவன் வரவில்லை. எதிரணி இவ்வளவு நேரம் பேசியது அவனைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஐயா, மேடைக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசையைப் பாருங்கள். நீலச் சட்டைக்காரன் தோளில் தூங்குகிறாளே, அவள்தான் என் மகள். பக்கத்தில் என் மனைவி. நான் பேசத் தொடங்கியதிலிருந்து இரண்டு கையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். வணக்கம்.