வென்ஃப்ளான் இங்க ஜெல்கோ: டர்பன்ல ஒரு தமிழ் நர்ஸ்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த்லேர்ந்து பேசறேன். பின்னாடி கேக்கறது பக்கத்து வீட்டு நாய். நைட் டியூட்டி முடிச்சு வந்தவளைத் தூங்க விடக்கூடாதுன்னு அதுக்கு ஒரு வேண்டுதல் போல. சரி, தூக்கம் போனது போச்சு, வீடியோவாவது எடுப்போம்னு உக்காந்துட்டேன்.

"அக்கா, பிஎஸ்சி நர்சிங் முடிச்சிருக்கேன், கல்யாணமாகி டர்பன் வரேன், வேலை கிடைக்குமா?" வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கறீங்க. கிடைக்கும். ஆனா எப்பன்னு மட்டும் கேக்காதீங்க. மதுரைல ஆறு வருஷம் ஐசியூல நின்னவ நான். இங்க நர்ஸுன்னு கையெழுத்துப் போட எனக்கு ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு. அதுல பரீட்சைக்குப் படிச்சது ரெண்டே மாசம். மிச்சம் பூரா பேப்பர்.

பேப்பர்னா, படிப்பை சாக்வா மதிப்பிடணும், அதாவது இங்க பட்டங்களைச் சரிபார்க்கற அரசு அமைப்பு. தேசிய சுகாதாரத் துறைல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்க ஒப்புதல் கடிதம் வேணும். அப்புறம் ப்ரிட்டோரியால நர்சிங் கவுன்சில், அவங்க பரீட்சை. நம்ம ஊர்ப் பதிவை நம்ம கவுன்சிலே நேரா அவங்களுக்கு உறுதி பண்ணி அனுப்பணும். நீங்க கையில கொண்டுபோய் நீட்டினா செல்லாது. பாடத்துல பெரிய வித்தியாசம் கிடையாதுங்க. இங்க இருந்த பழைய நாலு வருஷப் படிப்புல பொது, மனநலம், சமூகம், மகப்பேறு நாலும் உண்டு. நம்ம பிஎஸ்சிலயும் உண்டு. எந்த வார்டுல எத்தனை மணி நேரம்னு டிரான்ஸ்கிரிப்ட்ல தெளிவா இருக்கணும், அதை மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடியே காலேஜ்ல உக்காந்து வாங்கிடுங்க.

என் கழுத்தை நெரிச்சது என்ன தெரியுமா? இனிஷியல்! சர்டிஃபிகேட்ல பேருக்கு முன்னாடி ஒரு 'எம்'. பாஸ்போர்ட்ல அந்த எம் விரிஞ்சு அப்பா பேரு முழுசா, அதுவும் குடும்பப் பேருக்கான கட்டத்துல. கல்யாணச் சான்றிதழ்ல வீட்டுக்காரரோட குடும்பப் பேரு, கோவெண்டர். ஒரே பொம்பளை, மூணு பேரு. போதாக்குறைக்கு எங்க காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல 'எம்'முக்குப் பதிலா 'என்'னு அடிச்சு அனுப்பிருச்சு. அந்த ஒரு எழுத்தைத் திருத்த ஏழு மாசம். ஊர்ல அம்மா மூணு தடவை பஸ் ஏறிப் போனாங்க. மூணு பேரும் ஒரே ஆளுதான்னு இங்க சத்தியப் பத்திரம் போட போலீஸ் ஸ்டேஷன் போதும், காசு கிடையாது. ஸ்டாம்ப் குத்தின போலீஸ்காரர், "உங்கப்பாவுக்குக் குடும்பப் பேரே இல்லையா?"ன்னு பாவமா பார்த்தார்.

எல்லாம் முடிஞ்சு வார்டுக்குப் போனா முதல் நாளே, "சிஸ்டர், ஒரு ஜெல்கோ எடுத்துட்டு வா"ங்கறாங்க. முழிச்சேன். படிச்ச காலத்துலேர்ந்து கையில பழகின வென்ஃப்ளான்தான், டிரிப் ஏத்த நரம்புல குத்தற ஊசிக் குழாய்! டிரிப் பாட்டில் இங்க வேக்கோலிட்டர். பாராசிட்டமால் பனாடோ. தோள்ல பதிவு பெற்ற நர்ஸுக்கான மெரூன் பட்டை மாட்டிக்கிட்டு, டிராலி முன்னாடி புதுசா சேர்ந்த பிள்ளை மாதிரி நின்னேன். ஒரு சீனியர் சிஸ்டர்தான் மூணு வாரம் என்னைக் கூடவே வச்சிருந்தாங்க. அது அவங்க நல்ல மனசு. எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் அமையுமா?

கனடால ஒன்டாரியோல 2022லேர்ந்து இதையே முறையா வச்சிருக்காங்க. வெளிநாட்டுல படிச்ச நர்ஸ் முழுப் பதிவு வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரில ஒருத்தர் மேற்பார்வைல குறைஞ்சது 140 மணி நேரம் வேலை செய்யலாம். சமீபத்துல வேலை பார்த்தேன், இங்கிலீஷ் வரும்ங்கறதுக்கு அதுவே சாட்சி ஆயிடுது. அந்த ரெண்டு வருஷம் நான் வீட்டுல பருப்பு தாளிச்சிட்டிருந்த நேரத்துல இங்கயும் அப்படி ஒண்ணு இருந்திருந்தா!

ஒண்ணு மறைக்கக் கூடாது. இங்கேயே படிச்சு முடிச்சு, வேலை இல்லாம உக்காந்திருக்கற நர்ஸுங்க இருக்காங்க. வார்டுல ஆள் பத்தல, ஆனா அரசாங்கத்துல சம்பளம் போட பட்ஜெட் இல்லை. அவங்க நம்மளைப் பார்த்து முறைச்சா அதுல நியாயம் இருக்கு. அதனால முதல்ல தனியார் ஆஸ்பத்திரில கேளுங்க.

சனிக்கிழமை நம்ம வீட்டு சாப்பாட்டு மேசைக்கு நம்மளை மாதிரி நர்ஸுங்க மூணு பேர் வர்றாங்க, மருந்துக் கணக்கும் இந்த ஊர் மொழி ஜூலுவும் பழக. பேஷன்ட் வேஷம் எங்க வீட்டுக்காரரோட பாட்டி. டோங்காட் கரும்புத் தோட்டத்துல வளர்ந்தவங்க, ஜூலு தண்ணியா ஓடும். "குபுஹ்லுங்கு குபி?", அதாவது எங்க வலிக்குதுன்னு நாங்க கேட்டா, முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு "லபா, லபா"ம்பாங்க, இங்க இங்கன்னு. போன வாரம் நல்லா நடிக்கறாங்கன்னு கைதட்டினோம். நிஜமாவே வலியாம். செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே.