டிபன் பெட்டியோடு நின்ற பாடகர்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை பற்றிப் பேச வருகிறேன் என்றதும் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பாடகர் பில் விதர்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. பாட்டைப் போட்டால், “அட, இதுவா!” என்பார்கள்.

முதலில் ஒரு புகைப்படம். 1971-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் அட்டை. செங்கல் சுவர் ஓரமாக ஒரு மனிதர் நிற்கிறார். ஜீன்ஸ், சாதாரணச் சட்டை, கையில் டிபன் பெட்டி. புகைப்படக்காரர் ஏற்பாடு செய்து கொடுத்த வேஷம் என்று நினைப்போம். இல்லை. அது அவர் வேலை பார்த்த தொழிற்சாலை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம். கூட வேலை செய்தவர்கள் சுற்றி நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்களாம். டிபன் பெட்டியும் அவருடையதுதான். படம் எடுத்து முடித்ததும் உள்ளே போய் வேலையைத் தொடர்ந்திருப்பார். என்ன வேலை? போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை செய்கிற வேலை.

அப்போது அவருக்கு 32 வயது. பாப் இசையில் 32 என்பது ரிட்டயர் ஆகிற வயது.

பிறந்தது 1938 ஜூலை 4, வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அவருக்கு 13 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் பாட்டியும் வளர்த்தார்கள். கடுமையான திக்குவாய். பேச்சு தடைப்படுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படி நடத்தும் என்று உங்களுக்குத் தெரியும். சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்று முடிவு செய்து கடற்படையில் சேர்ந்தார். ஒன்பது வருஷம். அங்கே விமானங்களைப் பழுது பார்க்கிற தொழிலைக் கற்றுக்கொண்டார். திக்குவாயைக் கடந்து வரும்போது வயது 28 ஆகிவிட்டது.

பாட்டுக்கு எப்படி வந்தார்? கலைத்தாகம், கனவு என்றெல்லாம் கதை கட்டாமல் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஓக்லாந்தில் ஒரு கிளப். அன்றைக்கு லூ ரால்ஸ் பாட வேண்டும், ஆள் வந்து சேரவில்லை. “வாரம் 2000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறானே” என்று மேலாளர் புலம்புகிறார். விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. கேட்டவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அப்புறம் ரால்ஸ் உள்ளே நுழைந்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டதையும் பார்த்தார். அடகுக்கடையில் ஒரு கிட்டார் வாங்கினார், தானாகவே கற்றுக்கொண்டார். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. கூலி வாங்கிப் பழகியவர் போடுகிற கணக்கு. பிற்பாடு இதே கணக்கை வைத்துத்தான் வெளியேறவும் செய்தார். அதற்கு வருகிறேன்.

1967-இல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். பகலில் தொழிற்சாலை, கையிலிருந்த காசில் மாதிரிப் பதிவுகள். பல கதவுகள் திறக்கவில்லை. கடைசியில் சஸெக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய க்ளாரன்ஸ் அவான்ட் கேட்டார், சரி என்றார். தயாரிப்பைப் புக்கர் டி. ஜோன்ஸிடம் ஒப்படைத்தார். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்து இசையைத் தாங்கிய கை அது. முதல் நாள் ஸ்டூடியோவில் விதர்ஸ், “இந்தப் பாட்டுகளை யார் பாடப்போகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார். “நீங்கள்தான்” என்றாராம் ஜோன்ஸ்.

அந்தத் தட்டில்தான் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ இருக்கிறது. அவள் வீட்டில் இல்லாதபோது வெயிலே இல்லை, விஷயம் அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். நடுவில் ஒரு இடத்தில் வாத்தியங்கள் அடங்கி, அவர் ‘ஐ நோ, ஐ நோ, ஐ நோ’ என்று சொல்லிக்கொண்டே போவார். மொத்தம் 26 முறை. அந்த இடத்தில் உண்மையில் வேறு வரிகள் எழுதுவதாக இருந்தார். அதுவரைக்கும் இடத்தை நிரப்ப வாயில் வந்ததைச் சொல்லி வைத்திருந்தார். பதிவின்போது, “இதை எழுதி முடித்துவிடுகிறேன்” என்றார். ஜோன்ஸும், கிட்டார் வாசித்த ஸ்டீஃபன் ஸ்டில்ஸும், மற்ற வாத்தியக்காரர்களும், “வேண்டாம், அப்படியே விடு” என்றார்கள். இவர்கள் எத்தனையோ தட்டுகள் போட்டவர்கள், நானோ தொழிற்சாலைக்காரன், சொன்னதைக் கேட்போம் என்று விட்டுவிட்டார்.

இங்கே எனக்கு ஒன்று தோன்றும். என் யூகம்தான், அவர் சொன்னதில்லை. சின்ன வயசு முழுக்க ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போக முடியாமல் தவித்தவர். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதே மனிதர் ஒரே சொல்லை 26 தடவை சொல்கிறார், உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. “அவளை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும்” என்கிறவன் ஒரு தடவை சொன்னால் தெரிந்தவன். 26 தடவை சொன்னால், தெரிந்து என்ன பிரயோஜனம் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. எந்த வரியை எழுதி அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியும்?

வேடிக்கை என்னவென்றால், தனியாக வெளியிட்ட சிறு தட்டில் நிறுவனம் இந்தப் பாட்டைப் பின்பக்கத்தில்தான் போட்டிருந்தது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம், ஒரு கிராமி விருது. மைக்கேல் ஜாக்சன் 13 வயதுப் பையனாக இருக்கும்போதே இதைப் பாடிப் பதிவு செய்துவிட்டான். இடையில் தொழிற்சாலை விதர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. ஒரு நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, திரும்ப வேலைக்கு வரச்சொல்லி. இன்னொன்று, ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட வரச்சொல்லி.

அடுத்த வருஷம் ‘லீன் ஆன் மீ’. வீட்டுக்கு ஒரு மின் பியானோ வாங்கியிருக்கிறார். வாசிக்கத் தெரியாது. விரல்களை வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் மேலே போய்க் கீழே இறங்கியிருக்கிறார். உங்கள் வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் இன்றைக்கு ராத்திரியே பாருங்கள்: ச ரி க ம, ம க ரி ச. அவ்வளவுதான் பாட்டின் தொடக்கம். பாட்டு வாத்தியார் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற சுரம். அதன் மேல் ஸ்லாப் ஃபோர்க்கை உட்கார வைத்தார். அக்கம்பக்கத்தார் கேட்காமலே வந்து உதவுகிற சுரங்க ஊர். பெரிய நகரத்துக்கு வந்த பிறகுதான் அந்த ஊரின் அருமை தெரிந்தது. 1972 ஜூலையில் பட்டியலில் முதலிடம். அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கச்சேரி. அந்தப் பதிவைக் கட்டாயம் கேளுங்கள், முக்கியமாகப் பாட்டியின் கைகளைப் பற்றிய ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’. தேவாலயத்தில் தாளம் தட்டிய கை, ஊர்க்காரர்களுக்கு உதவிய கை, பேரனை அடியிலிருந்து காப்பாற்றிய கை.

சோல் இசை தேவாலயத்திலிருந்து வந்தது. உச்சத்துக்குப் போய் உருகுவது அதன் பழக்கம். இவர் உருகமாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற குரல். முடியாமல் அல்ல. 1977-இல் வந்த ‘லவ்லி டே’யில் ஒரே சுரத்தை 18 விநாடி மூச்சு விடாமல் பிடிப்பார். முடியும், தேவைப்பட்டால்தான் செய்வார்.

1975-இல் சஸெக்ஸ் மூடப்பட்டது. கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆலோசனை சொல்ல ஆட்கள் அதிகம். எல்விஸ் பிரெஸ்லி பாடிய ‘இன் த கெட்டோ’வைப் பாடு என்று ஒருவர் யோசனை சொன்னாராம். கறுப்பர்களின் இசை எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்திய நிபுணர்களுக்கு அவர் ஒரு கேலிப்பெயரே வைத்திருந்தார். 1980-இல் க்ரோவர் வாஷிங்டனின் சாக்ஸபோனோடு ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ பாடினார்; அது வந்தது வாஷிங்டனின் தட்டில், வேறு நிறுவனத்தில். இரண்டாம் இடம் வரை போனது, இன்னொரு கிராமி. கொலம்பியாவிலோ 1978-க்குப் பிறகு 1985 வரை அவர் தட்டு ஒன்றுகூட வரவில்லை. 1985 தட்டுதான் கடைசி.

அப்புறம் நிறுத்திவிட்டார். பிரியாவிடைக் கச்சேரி கிடையாது, பத்து வருஷம் கழித்து ‘மீண்டும் வருகிறேன்’ கிடையாது. பாட்டுகளின் உரிமையை அவரும் மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். வீடுகள் வாங்கினார், தச்சு வேலை செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். 1987-இல் ஒரு குழு ‘லீன் ஆன் மீ’யைத் திரும்பப் பாடி அது மறுபடி முதலிடம் போனது, அதற்காக மூன்றாவது கிராமி வீடு தேடி வந்தது. கசப்பில் ஒதுங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். கசப்பு இருந்திருக்கலாம். ஆனால் பாடுவதற்கு முன்னால் 32 வருஷம் வாழ்ந்து பார்த்தவர் அவர். பாட்டு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவருக்குப் பயமில்லை. இருபது வயதில் புகழ் வந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

2015-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர்தான் அவரை அறிமுகம் செய்து வைத்தார். 2020 மார்ச் 30-ஆம் தேதி, 81 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் இதயக் கோளாறால் காலமானார். கொரோனாவின் முதல் மாதங்கள் அவை. மருத்துவப் பணியாளர்களுக்காக மக்கள் வீட்டிலிருந்தபடியே ‘லீன் ஆன் மீ’ பாடிக்கொண்டிருந்த நேரம்.

சரி, அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதலில் சொன்ன பாட்டை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். நடுவில் அந்த இடம் வரும்போது எண்ணுங்கள். போன தடவை எண்ணிய ஒருவர் பதினைந்திலேயே விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.