பத்து நிமிடம் பேசவிடுங்கள்

தலைமை வகிக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, எனக்கு இல்லாத பட்டங்களையும் சேர்த்து வரவேற்புரை ஆற்றிய முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பாடத்திட்டக் குழுத் தலைவர்களே, இந்தப் பயிலரங்குக்காகத் தூக்கத்தைத் தொலைத்த ஐ.க்யூ.ஏ.சி. என்னும் கல்லூரியின் உள்தர உறுதிக் குழு ஒருங்கிணைப்பாளர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வருகைப் பதிவுக்காகப் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்தப் பணத்தில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கலாமே என்று எல்லா மேடையிலும் சொல்வேன். செயலர் முகத்தைப் பார்த்ததால் இன்று சொல்லவில்லை.

கலை, வணிகவியல் இளநிலைப் படிப்புகளின் கற்றல் விளைவுகள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். விளைவுகளை யார் எழுதுகிறார்கள், எப்படி அளக்கிறோம், கலைப் பாடங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டாமா.

பாடம் முடியும்போது மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் கற்றல் விளைவு. 1956-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்த, சிந்தனைத் திறனின் ஆறு படிகள், 2001-இல் திருத்தப்பட்டு, இன்று நம் வினாத்தாளின் ஓரத்தில் கே1 முதல் கே6 வரை வந்து நிற்கின்றன. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசியக் குழுவான நாக்கின் மதிப்பீட்டில் இரண்டாம் அளவுகோலில் 2.6 என்று இதற்குத் தனிப்பிரிவே உண்டு. சரி, யார் எழுதுகிறார்கள்? கோப்பு கேட்கிறார்கள் என்றதும் இன்னொரு கல்லூரியின் இணையதளத்திலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றுகிறோம். ஊர்ப் பெயரை மாற்ற மறந்த கோப்பைக்கூடப் பார்த்திருக்கிறேன். சிரிப்பவர்களை நான் கவனிக்கவில்லை.

அளப்பதற்கு வருவோம். சி.ஓ. என்னும் பாட விளைவு, பி.ஓ. என்னும் படிப்பு விளைவு என்று கட்டம் போட்டு, மிகுதி, நடுத்தரம், குறைவு என்பதற்கு 3, 2, 1 நிரப்புகிறோம். எக்செல் கூட்டிக் கழித்து, விளைவு எட்டப்பட்டது என்று சொல்லிவிடும். எட்டியவர் யார் என்று அதற்குத் தெரியாது. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்பார்கள். என் மாணவர்களுக்கு இந்தப் பழமொழி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கும். கைப்பழக்கத்தையும் நாப்பழக்கத்தையும் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஒரு கல்லூரிக்கு பி.காம். புராஜெக்ட் வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், உபசாரம் பிரமாதம். முதலில் வந்தது வகுப்பின் முதல் மாணவி. நம் ரொக்க ஏட்டின் இருப்பையும் வங்கிக் கணக்கின் இருப்பையும் ஒத்துப்பார்க்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் இருக்கிறதே, அது என்றால் என்ன என்று கேட்டேன். கமா பிசகாமல் வரையறை வந்தது. "சரிம்மா, ரொக்க ஏட்டுக்கும் பாஸ்புக்குக்கும் வித்தியாசம் ஏன் வருது?" என்றேன். அதே வரையறை, இன்னும் கொஞ்சம் வேகமாக. அந்தப் பெண்மீது குறையே இல்லை. மூன்று வருடமாக நாம் கேட்டது அதைத்தான்.

கடைசியாக ஒரு பையன். சட்டைப்பையில் மூன்று பேனா. மாலையில் மொத்த விலைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறானாம். அதே கேள்வியைக் கேட்டேன். "சார், பார்ட்டி செக் கொடுத்த அன்னிக்கே நாங்க வரவு எழுதிடுவோம். பேங்க்குல ஏற நாளாகும். அப்புறம் அவங்க சார்ஜ் பிடிச்சிருப்பாங்க, ஸ்டேட்மென்ட் வந்தாத்தான் நமக்குத் தெரியும். ஒருதடவை நாலாயிரம் இடிச்சுது. முதலாளி என்னைத்தான் முறைச்சார். தேடிப் பார்த்தா, செக் ரிட்டர்ன்!" சொல்லிக்கொண்டே என் பேனாவை வாங்கி, என் மதிப்பெண் தாளின் பின்பக்கத்திலேயே இரண்டு பத்தியாகப் பட்டியல் போட்டுக் காட்டினான். இரண்டு பக்கமும் நேராயிற்று. உள்தேர்வாளர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இந்தப் பேப்பர்ல எவ்வளவு மார்க்?" என்று கேட்டேன்.

"அது அரியர் சார்."

கைதட்டலுக்கு நன்றி, ஆனால் கதை முடியவில்லை. அன்று மாலை துறைக் கோப்பைக் காட்டினார்கள். 'சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பர்' என்ற விளைவு, நிலை 3, முழுமையாக எட்டப்பட்டது என்று அழகாக அச்சிட்டிருந்தது. எட்டியவர் கணக்கில் அந்தப் பெண் இருக்கிறார், பையன் இல்லை.

1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழக மாதிரியில், தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளாகத்தான் தொடங்கின. பிறகு எத்தனையோ மாறிவிட்டது. மூன்று மணி நேரம் எழுதினால் போதும் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்: ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தாளுக்காவது வாய்மொழித் தேர்வு வையுங்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 10-ஐ அதற்குக் கொடுங்கள். நேரம் ஏது என்பீர்கள். வகுப்பில் 60 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். விளைவுக் கோப்பு தயாரிக்க இதைவிட அதிக நேரம் செலவாகிறது, ஒருங்கிணைப்பாளர் தலையசைக்கிறார் பாருங்கள். வைவாதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். கடைசிப் பருவத்தில் பைண்டிங் அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பதை நான் சொல்லவில்லை. செந்தமிழும் நாப்பழக்கம் ஐயா, வருடக்கணக்கில் வாயை மூடவைத்துவிட்டுக் கடைசி நாளில் பேசு என்றால் எப்படி வரும்?

கலைப் பிரிவுக்குத் தனி அளவுகோல் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு ஆவணங்களைக் கொடுத்து, எதை நம்புவாய், ஏன் என்று வரலாற்று மாணவரிடம் கேட்பது அதில் ஒன்று. முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதால் அது இன்னொரு மேடைக்கு.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் வைக்க ஒரு பக்க வரைவுத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே மேசையில் இருக்கிறது, துறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழி மாணவரும் தமிழில் பதில் சொல்லலாம் என்பது அதன் மூன்றாம் பத்தி. மற்றதைத் திருத்துங்கள், அதை மட்டும் அடித்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.