அப்பா வீட்டை விற்றாகிவிட்டது: 38,000 வெள்ளிக் கதை

வணக்கம், வணக்கம். இன்று என் சமையலறையில் இல்லை. அப்பா வீட்டுக் கூடத்தில், தரையில் உட்கார்ந்து பேசுகிறேன். நாற்காலி, சோபா எல்லாம் நேற்றே போய்விட்டன. குரல் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறதா? சென்ற தீபாவளி வீடியோவில் நீங்கள் எல்லாரும் விசாரித்தீர்களே, அந்தப் பெரிய முருகன் படம். 34 ஆண்டுகள் அங்கேதான் மாட்டியிருந்தது.

வீடு விற்றாகிவிட்டது! ஐந்து மாதம், பதினெட்டு நாள். விலை 572,000 சிங்கப்பூர் வெள்ளி. நான்கறை வீடு, பதினோராவது மாடி, மூலை வீடு, காற்று அப்படி அடிக்கும். "நல்ல விலைதானே அக்கா" என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். ஐந்து மாதத்துக்கு முன் இதே வீட்டுக்கு 610,000 வெள்ளி தருவதாக ஆள் வந்து நின்றது. இன விகித வரம்பு என்ற ஒரு விதியால் 38,000 வெள்ளி போனது.

முதலில் வந்தவர்கள் ஓர் இளம் சீனத் தம்பதி. மூன்று தடவை வந்தார்கள். அந்தப் பெண் அளவு நாடாவை எடுத்துச் சன்னலை அளந்தாள். அடுத்த தடவை தன் அம்மாவையும் கூட்டி வந்தாள், இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு. அந்த அம்மாள் வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியை முகர்ந்து பார்த்து, இதை விட்டுவிட்டுப் போவீர்களா என்று மலாயில் கேட்டார். அப்பா அப்போதே மனத்தளவில் வீட்டைக் கொடுத்துவிட்டார். அன்று மாதத்தின் 28ஆம் தேதி. வீட்டு முகவர் அந்த விதிப்படி இவர்களுக்கு விற்கலாமா என்று இணையத்தில் சரிபார்த்தார், விற்கலாம் என்று வந்தது. மறுநாளே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அப்பா, அஷ்டமி நவமி கழியட்டும், ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றார். நாங்களும் சரி என்றோம்.

இடையில் மாதம் பிறந்துவிட்டது.

ஒன்றாம் தேதி இன விகிதக் கணக்கு புதுப்பிக்கப்படும். எங்கள் புளோக்கில், அதாவது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் விகிதம் வரம்பைத் தொட்டுவிட்டது. ஞாயிறு காலை முகவர் மறுபடி பார்க்கிறார், அனுமதியில்லை. விற்பவர் இந்தியர், வாங்குபவர் சீனர், முடிந்தது கதை. அந்தப் பெண் தொலைபேசியில் அழுதாள். எனக்கு முகவர் மீதும் கோபம். மாதம் பிறந்தால் கணக்கு மாறும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளில்தான் இருக்கிறோம். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் தனபாலன், நம்மவர்தான். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும், ஹவ்காங் பக்கம் சீனர்களும் குவிகிறார்கள், பழைய இனப் பேட்டைகள் திரும்பிவிடும் என்ற கவலை. 1964 கலவரத்தைக் கண்ட தலைமுறை அது. அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இப்போதைய வரம்பு என்னவென்றால், ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. அக்கம்பக்க அளவில் 84, 22, 12. எங்கள் வரம்பு முதலில் 13, 10 என்று இருந்தது, 2010இல் கூட்டினார்கள்.

வரம்பு நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் தன் வீட்டை இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், ஏனென்றால் விகிதம் மாறாது. இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர். ஆக, எங்கள் கடை வாசலில் நிற்கும் நான்கு பேரில் மூன்று பேரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஆறாவது மாடியில் இருந்த ஆன்ட்டி, எனக்குச் சின்ன வயதில் இருமல் மருந்து கொடுத்தவர், இதே அளவு வீட்டை மூன்று வாரத்தில் 615,000 வெள்ளிக்கு விற்றார். ஆறாவது மாடி! மூலை வீடு கூட இல்லை! அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விற்ற அன்று அவரே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார்.

என் கோபம் இதில்தான். கலந்து வாழ வேண்டும் என்பது நாடு முழுக்க விரும்பும் நன்மை. அதற்கான செலவை மட்டும் ஏன் சிறுபான்மைக்காரன் தன் வீட்டு விலையில் கட்ட வேண்டும்? நம்மைப் பாதுகாக்க வந்த விதி, நம் பையிலிருந்தே காசை எடுக்கிறது. 78 வயதில் அப்பா, நான் நாள் பார்த்ததால்தான் போனது என்று ஐந்து மாதம் தன்னையே நொந்துகொண்டார். நாள் பார்த்தது தப்பா? ஒரு மனிதன் தன் வீட்டை விற்க நல்ல நாள் பார்க்கக் கூடாதா?

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நள்ளிரவு நான் விழித்திருந்து பார்த்தேன். போன மாத வீடியோவில் கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டீர்களே, அதுதான் காரணம். 2022 முதல், இப்படி மாட்டிக்கொண்ட சிறுபான்மையினரிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் உண்மையிலேயே விற்க முடியாமல் தவிப்பவர்களுக்கு அது. எங்களைப் போல விலையைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் விற்றுவிடுகிறவர்களின் நட்டம் எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது யார் வாங்கினார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள். கணவர் மலையாளி, மனைவி சீனர். கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். என் முன்னால் கோப்பி ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி, உங்களுக்குத் தெரியுமே, நான் வேறு எதுவும் குடிக்க மாட்டேன். முகவர் முதலில் மனைவியின் இனத்தைத் தட்டினார், முடியாது என்று வந்தது. அழித்துவிட்டுக் கணவரின் இனத்தைத் தட்டினார், முடியும்! கலப்புத் தம்பதியர் இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதே தம்பதி, அதே வீடு, அதே பணம். கட்டத்தில் ஒரு சொல்தான் மாறியது. நான் மேசையைத் தட்டிவிட்டேன், கோப்பி சிந்தியது. மகிழ்ச்சிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயருக்கு நேராக முடியாது என்று வந்ததைப் பார்த்த முகம் அது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 2011 முதல் பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதியலாம். என் தங்கை மகன் 'இந்தியர்-சீனர்'. ஆனால் இந்த மாதிரி விதிகளுக்கு முதலில் நிற்கும் இனம்தான் கணக்கு. அந்தப் பிள்ளைக்கு இப்போதுதான் ஒன்பது வயது. பின்னாளில் அவன் வீடு வாங்கும்போது, பிறந்த வாரத்தில் அப்பா அம்மா எழுதிய சொல்வரிசை முன்னால் வந்து நிற்கும்.

வீட்டோடு போனால் பரவாயில்லை. நாட்டின் உயர்ந்த பதவிக்கும் இதே கட்டம்தான். 2016இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓர் இனத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணை அதிபர் வராவிட்டால், அடுத்த தேர்தல் அந்த இனத்துக்கு ஒதுக்கப்படும். 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு என்றானது. தகுதிச் சான்றிதழ் கிடைத்தது ஹலிமா யாக்கோப் ஒருவருக்கு மட்டும். வாக்கே இல்லாமல் செப்டம்பர் 13 அன்று அதிபராகத் தேர்வானார் என்று அறிவித்தார்கள். பல பொதுத் தேர்தல்களில் மக்கள் வாக்கைப் பெற்று வந்தவர் அவர். நின்று ஜெயிக்கக்கூடிய பெண்மணி. அவரிடமிருந்து அந்த வெற்றியைப் பறித்தது எது? ஒதுக்கீடுதான். அதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு 2023. எல்லாருக்கும் திறந்த தேர்தல். தர்மன் சண்முகரத்னத்தை எதிர்த்து நின்றவர்கள் இருவர், இருவருமே சீனர். தர்மன் 70.4 விழுக்காடு வாக்கு வாங்கினார். அன்றிரவு நான் போட்ட நேரலை ஞாபகம் இருக்கிறதா, பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தேனே? அப்பா எழுந்து நின்று கைதட்டினார். இந்த மக்கள் ஓர் இந்தியரை அதிபராக ஏற்பார்களா என்று பல காலம் சந்தேகப்பட்டார்கள். மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள். 1981லேயே ஆன்சன் தொகுதியில் எதிர்க்கட்சியின் ஜெயரத்தினத்தை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்களும் இதே மக்கள்தான்.

எல்லாவற்றையும் நாளையே தூக்கிவிடு என்று சொல்லும் ஆள் இல்லை நான். மலாய்ப் பாட்டி மடியிலும் சீன ஆன்ட்டி வீட்டிலும் வளர்ந்தவள். இந்தத் தாழ்வாரத்தில் நோன்புக் கஞ்சியும் பொங்கலும் மாறி மாறிப் போனதைப் பார்த்தவள். ஆனால் கணக்கை யார் கட்டுவது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நாடு விரும்பும் நன்மைக்கு நாடு கட்டட்டும். வரம்பால் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தைப் பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். அது முடியாதென்றால் விதியை மாற்றுங்கள். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அடுத்த மக்கள் சந்திப்பில் இதைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன், இரண்டு பக்கம் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை சாவி கொடுக்கிறோம். கறிவேப்பிலைச் செடியை அப்பா அந்த முதல் பெண்ணின் அம்மாவுக்கே கொடுக்க வேண்டும் என்கிறார். வாங்கிக்கொள்ள நாளைக் காலை வருகிறார்கள். தொட்டியை வண்டியில் எப்படி ஏற்றுவது என்றுதான் இப்போது யோசனை. அப்பா கயிறு தேடுகிறார், சத்தம் கேட்கிறதா? நான் போய்ப் பிடித்துக்கொடுக்கிறேன்.