வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொன்ன கைதிகள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கொரியா போர் பத்தி பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. எந்தப் படை எந்த மலையைப் பிடிச்சுதுங்கற கதையெல்லாம் அதிகம் சொல்லப் போறதில்ல, ஏன்னா இந்தப் போர்ல பல வருஷமா என் மனசை விட்டுப் போகாம இருக்கறது கைதிங்க விஷயம்தான்.

ஆரம்பத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். 1945 ஆகஸ்ட்ல, கொரியாவை ஆண்டுட்டிருந்த ஜப்பான் சரணடையற நேரம், வாஷிங்டன்ல ரெண்டு ராணுவ அதிகாரிங்க ராத்திரியோட ராத்திரியா ஒரு மேப்பைப் பாத்து, 38வது அட்சரேகைக்கு வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படைன்னு கோடு போட்டாங்க. கொரியாக்காரங்க ஒருத்தரையும் கேக்கல. தற்காலிகம்னு போட்ட கோடு, 1948ல ரெண்டு அரசாங்கம் ஆயிடுச்சு, 1950 ஜூன் 25 விடியக்காலைல வடக்குப் படை கோட்டைத் தாண்டிடுச்சு. தெற்குக்கு அமெரிக்காவும் வடக்குக்குச் சீனாவும் துணைக்கு வந்துச்சு, ஒரு வருஷத்துக்குள்ள தெற்கோட தலைநகர் சியோல் நாலு தடவை கை மாறிச்சு. அந்த ஊர்ல குடியிருந்தவங்களை நெனச்சுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு படை உள்ள வந்து, போன தடவை நீ யாருக்கு வேலை செஞ்சேன்னு கேக்கும், பதில் தப்பா இருந்தா உயிரே போயிடும்.

1951 ஜூலைலயே பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சு. எல்லை எங்கங்கறதுகூட அந்த வருஷக் கடைசிக்குள்ள பெரும்பாலும் பேசி முடிச்சாச்சு. ஆனா சண்டை நின்னது 1953 ஜூலை 27ல. நடுவுல எதுக்கு இவ்வளவு நாள் இழுத்துச்சு? கைதிங்களாலதான்.

போர் முடிஞ்சா கைதிங்களை அவங்கவங்க நாட்டுக்கு அனுப்பணும், ஜெனீவா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்லுது. ஆனா தெற்குல முகாம்ல இருந்தவங்கள்ல பல பேர் போக மாட்டேன்னாங்க. தெற்கு ஊர்க்காரனை வடக்குப் படை புடிச்சுட்டுப் போய் துப்பாக்கியைக் கைல குடுத்திருக்கும், சீனப் படைல இருந்தவன் முன்னாடி, கம்யூனிஸ்ட்டுங்ககிட்ட தோத்துத் தைவானுக்குப் போன சியாங் காய்-ஷேக்கோட படைல இருந்திருப்பான், அவனுக்கு எது சொந்த நாடு? இன்னொண்ணையும் சொல்லியாகணும், முகாமுக்குள்ளயே ரெண்டு கட்சி, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சாங்க, கொன்னாங்க, சில சீனக் கைதிங்க உடம்புல வலுக்கட்டாயமா கம்யூனிஸ்ட் எதிர்ப்பு வாசகத்தைப் பச்சை குத்திவிட்டாங்க. அதனால மாட்டேன்னு சொல்றவன் மனசாரத்தான் சொல்றானான்னு வெளிய இருந்து யாருக்கும் தெரியாது. கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம்னு அமெரிக்கா, எல்லாரையும் அனுப்புன்னு சீனாவும் வட கொரியாவும். இந்த ஒரு கேள்விக்காக ஒன்றரை வருஷம். திரும்பவும் சொல்றேன், ஒன்றரை வருஷம், அத்தனை நாளும் மலைல பசங்க செத்துக்கிட்டேதான் இருந்தாங்க.

கடைசில, போக மாட்டேன்னு சொன்ன கைதிங்களை நடுநிலை நாட்டுக்காரங்ககிட்ட ஒப்படைக்கலாம்னு முடிவாச்சு. அந்தக் கமிஷனுக்குத் தலைவர் இந்தியாவோட ஜெனரல் திம்மய்யா, காவலுக்குப் போன இந்தியப் படைக்கு ஜெனரல் தோரட். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியப் படை என் மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னுட்டார், அதனால இஞ்சியோன் துறைமுகத்துல இருந்து ஹெலிகாப்டர்லயே கொண்டு போனாங்க. ஒரு பக்கம் 22,000 பேருக்கு மேல சீன, வட கொரியக் கைதிங்க. இன்னொரு பக்கம், வடக்குகிட்ட பிடிபட்டு ஊருக்குத் திரும்ப மாட்டேன்னவங்க 359 பேர், அதுல 23 அமெரிக்கர்கள்.

போன கொஞ்ச நாள்லயே கைதிங்க ஒரு இந்திய மேஜரை உள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க. தோரட் ஆயுதம் இல்லாம உள்ள போனார். சுத்தி நிக்கறவங்க கோஷம் போடறாங்க, கோபத்துல இருக்காங்க. அவர் உக்காந்து, எங்க ஊர்ல சண்டை போடறதுக்கு முன்னாடி விருந்தாளியை உபசரிப்போம், நீங்க ஒரு வாய் டீ கூட குடுக்கலையேன்னு கேட்டாராம். டீ வந்துச்சாம், சிகரெட் வந்துச்சாம், பேச்சு வந்துச்சு, மேஜரும் வெளிய வந்துட்டார். சுட்டிருந்தா எத்தனை உயிர் போயிருக்கும்! இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

அப்புறம் அந்தக் கூடாரங்கள். ஒவ்வொரு கைதியா உள்ள கூட்டிட்டு வருவாங்க, அவன் நாட்டு அதிகாரி எதிர்ல உக்காந்து, வீட்டுக்கு வா, அம்மா காத்துட்டு இருக்காங்கன்னு பேசுவார். வெளிய போக ரெண்டு வழி, ஒண்ணு ஊருக்கு, இன்னொண்ணு ஊருக்கு இல்ல. சில பேர் நாற்காலியைத் தூக்கி அடிச்சாங்க. பெரும்பாலானவங்க ஊருக்கு இல்லாத வழியாத்தான் போனாங்க, தைவானுக்கும் தென் கொரியாவுக்கும்.

ஆனா 88 பேர் வடக்கும் வேணாம் தெற்கும் வேணாம், சீனாவும் வேணாம் தைவானும் வேணாம்னுட்டாங்க. 1954 பிப்ரவரில நம்ம படையோட அதே கப்பல்ல வந்து மெட்ராஸ்ல இறங்கினாங்க. நம்ம துறைமுகத்துலங்க! அப்புறம் டெல்லிக்குப் போய், அங்க இருந்து பெரும்பாலானவங்க பிரேசில், அர்ஜென்டினா போனாங்க, சில பேர் இந்தியாவுலயே தங்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் வேணாம்னு ஒரு மனுஷன் சொல்றதுக்கு எவ்வளவு பாத்திருக்கணும்.

நேரம் முடியுதுன்னு கை காட்றாங்க. பிரிஞ்ச குடும்பங்களைப் பத்தி தனியா பேசணும்னு குறிச்சு வெச்சிருந்தேன், வேகமா சொல்லிடறேன். 1983 ஜூன் 30ஆம் தேதி தென் கொரிய டிவி, கேபிஎஸ், காணாமப் போன சொந்தக்காரங்களைத் தேடற ஒரு நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரத்துக்குன்னு ஆரம்பிச்சது, ஜனங்க அட்டைல பேர் எழுதிப் புடிச்சுட்டு வந்து குவிஞ்சதால 138 நாள் ஓடுச்சு, 10,000 குடும்பத்துக்கு மேல சேந்துச்சு. அவங்க தெற்குலயே ஒருத்தருக்கொருத்தர் தெரியாம இருந்தவங்க. வடக்குல இருக்கறவங்களைப் பாக்கறதுக்கு ரெண்டு அரசாங்கமும் அப்பப்போ ஏற்பாடு பண்ணின சந்திப்பு 2018 ஆகஸ்ட்டோட நின்னு போச்சு. அமைதி ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகல. அந்த வயசானவங்க பேர் பதிஞ்சுட்டு இன்னும் காத்துட்டு இருக்காங்க. நன்றி, வணக்கம்.